ஜாயின்ட் எங்கே? தொட்டிக்கட்டு வீட்டு வயரிங் கோளாறுகளை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழி

தாராபுரத்திலிருந்து மூலனூர் போகிற வழியில் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீடு இருக்கிறது. நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றிலும் தாழ்வாரம், முன்னால் ஆசாரம், பின்னால் சமையல்கட்டு, அதைத் தாண்டினால் பொடக்காளி என்கிற கொல்லைப்புறம். செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர், மேலே நாட்டு ஓடு. எங்கள் பக்கம் கரண்ட் முதலில் வந்தது கிணற்று மோட்டாருக்கு. வீட்டுக்கு அப்புறம்தான். ஆசாரத்தில் ஒரு பல்பு, சமையல்கட்டில் ஒன்று, அட்டாலி (பரண்) ஏறுகிற படியில் ஒன்று. இந்த மூன்று பல்புக்காக மர ரீப்பரில் இழுத்த வயரில்தான் பின்னாளில் ரேடியோ, மிக்சி, டிவி, ஃபிரிட்ஜ், கிரைண்டர், இன்டக்‌ஷன் அடுப்பு என்று ஒவ்வொன்றாகத் தொற்றிக்கொண்டன.

போன வருஷம் மொத்த வயரிங்கையும் மாற்றினோம். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற பெரிய மாமன்தான் தலைமை, சூப்பர்வைசர் தகுதிச் சான்று அவரிடம் இருக்கிறது. நான் ஐடிஐ முடித்து வயர்மேன் சான்று வாங்கியவன். மாமன் மகன் மச்சானுக்கு உளியும் சுத்தியலும். கோயமுத்தூரில் இஞ்சினியரிங் படிக்கும் தங்கச்சி மகளுக்கு வயர்களுக்கு நம்பர் ஒட்டும் வேலை. சித்திக்கு மெயின் பக்கம் யாரும் போகாமல் காவல். அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, வயது எண்பத்தைந்து. கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். ஆனால் பாதிக் கோளாறு அவர் பேச்சில்தான் பிடிபட்டது.

காரணம் இதுதான். பழைய வீட்டில் எலி கடித்தாலோ ஆணி இறங்கினாலோ ஒழிய வயர் நடுவில் அவ்வளவாகக் கெடாது. கெடுவது ஜாயின்ட். ஜாயின்ட் தானாக முளைப்பதில்லை. பெரியம்மா கல்யாணத்துக்கு சீரியல் பல்பு போட ஒன்று, டிவி வாங்கிய வருஷம் ஒன்று, மாட்டுக்கொட்டாய்க்கு லைட் இழுத்தபோது ஒன்று என்று வீட்டில் நடந்த ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு முடிச்சு விழுந்திருக்கும். அதனால் டெஸ்டரை எடுக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த அறைக்குக் கடைசியாக என்ன வந்தது, அதை யார் மாட்டினார்கள்?

கை வைக்கும் முன்

மெயினை நிறுத்தினால் மட்டும் போதாது. ஃபியூஸ் கட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். மாமன் வேட்டி மடியில் எந்நேரமும் இரண்டு ஃபியூஸ் கட்டை இருக்கும். குடும்பமாகச் சேர்ந்து செய்யும் வேலையில் பெரிய ஆபத்து கரண்ட் இல்லை, உதவ வருகிற ஆள். "லைட் எரியலியே" என்று நல்ல மனசோடு ஒரு பெரியப்பா மெயினைத் தூக்கிவிட்டால் முடிந்தது கதை.

இரண்டாவது, யுபிஎஸ். மெயினை நிறுத்தியதும் அது தன் பாட்டுக்குப் பாட்டரியிலிருந்து 230 வோல்ட்டை உள்ளே அனுப்பும். அதையும் நிறுத்தி, வெளியே போகும் வயரைப் பிடுங்கி வையுங்கள். வீட்டில் சோலார் இருந்தால் அதற்கும் இதேதான்.

மூன்றாவது, டெஸ்டர் பொய் சொல்லும். காய்ந்த மர ஸ்டூல் மேல் நின்றால் ஃபேஸிலும் (கரண்ட் வரும் வயர்) எரியாமல் போகலாம். பக்கத்தில் ஓடும் வயரின் தூண்டலால் செத்த வயரிலும் லேசாக எரியலாம். ஒரு மல்டிமீட்டர் வாங்கிவிடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பாயின்ட்டில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் வயர்) நடுவே 230-ஐ ஒட்டிக் காட்டும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் (மண்ணுக்குப் போகும் வயர்) நடுவேயும் அதே அளவு காட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்கும். இந்த மூன்று அளவையும் ஒவ்வொரு அறையிலும் எடுத்து எழுதினாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

கோளாறு எங்கே என்று தேடுவது யாரும் செய்யலாம். போர்டைப் பிரித்து வேலை செய்வது சான்று உள்ளவர் வேலை. மீட்டரும் அதற்கு முன்னால் கம்பம் வரைக்கும் உள்ளதும் ஈபிக்காரர் வேலை. இந்த எல்லையைத் தாண்ட வேண்டாம்.

டெஸ்டர் எரியுது, ஆனா பல்பு எரியல

வீடே இருட்டு, பக்கத்து வீட்டில் வெளிச்சம், பிளக் பாயின்ட்டில் டெஸ்டரை வைத்தால் எரிகிறது. இன்னும் குழப்பமாக, இரண்டு ஓட்டையிலும் எரிகிறது! "ரெண்டும் ஃபேஸ் ஆயிருச்சு" என்று மச்சான் பயந்துவிட்டான். நடந்தது வேறு. நியூட்ரல் எங்கேயோ அறுந்திருக்கிறது. ஆன் ஆகி இருக்கும் ஏதோ ஒரு ஃபேன் வழியாகவோ பல்பு வழியாகவோ ஃபேஸ் போய், திரும்பி வர வழியில்லாமல் நியூட்ரல் வயரில் நிற்கிறது.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. எல்லாச் சுவிட்சையும் நிறுத்தி, எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள். இரண்டாவது ஓட்டையில் டெஸ்டர் அணைந்துவிட்டால் நியூட்ரல் அறுந்தது நிச்சயம். அணையாவிட்டால் எங்கேயோ ஃபேஸும் நியூட்ரலும் மாறியோ தொட்டுக்கொண்டோ கிடக்கலாம்.

எங்கே அறுந்தது? ஓர் அறை மட்டும் செத்திருந்தால் அந்த அறையின் சீலிங் ரோஸிலோ சுவிட்ச் பாக்ஸிலோ தேடுங்கள். வீடு முழுக்க என்றால் முதலில் பழைய மெயின் போர்டைப் பாருங்கள். அந்தக் காலத்து வீடுகளில் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு ஃபியூஸ் கட்டை வைத்திருப்பார்கள். நியூட்ரல் கட்டை போனால் வீடு செத்தது போல இருக்கும், ஆனால் வயர் முழுக்க உயிர் இருக்கும். "கரண்ட் இல்லைன்னு நெனச்சு ஹோல்டர்ல வெரல விட்டு அப்புச்சி ஒருக்கா தூக்கி எறியப்பட்டாருங்" என்று சித்தி சொன்னது இதைத்தான். நியூட்ரலில் ஃபியூஸ் இருக்கவே கூடாது. அந்தக் கட்டையை எடுத்துவிட்டு நேரடி லிங்க் போட வேண்டும். எங்கள் போர்டில் முதல் நாள் முதல் வேலையே அதுதான்.

மீட்டருக்கு வருகிற இடத்திலேயே நியூட்ரல் இல்லை என்றால் போர்டை மூடிவிட்டு மின்னகத்துக்குக் கூப்பிடுங்கள். எண் 94987 94987.

சில பல்பு பளீர்னு எரியுது, சிலது மங்கிருச்சு

மூன்று ஃபேஸ் சர்வீஸ் உள்ள வீட்டில் இது வந்தால் யோசிக்க நேரமில்லை. ஓடிப்போய் மெயினை நிறுத்துங்கள். பொது நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஒரு ஃபேஸில் சுமை குறைவாகவும் இன்னொன்றில் அதிகமாகவும் இருக்கும்போது, சுமை குறைந்த பக்கம் 230-ஐத் தாண்டி ஏறத் தொடங்கும், 400-ஐ நெருங்கவும் கூடும். டிவி, ஃபிரிட்ஜ், எல்ஈடி எல்லாம் ஒரே நிமிஷத்தில் போய்விடும். நியூட்ரல் சரியாகிவிட்டது என்று மீட்டரில் அளந்து பார்க்கும் வரை மெயினைத் தூக்க வேண்டாம்.

காத்தடிச்சா மினுக்குது

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் ஆனியில் ஆரம்பித்து ஆடியில் உச்சத்துக்குப் போகும். அம்மியே பறக்கும் என்கிற மாதத்தில் சர்வீஸ் வயர் சும்மா இருக்குமா? மெயின் லைட்டிலிருந்து மாட்டுக்கொட்டாய் லைட் வரை எல்லாம் ஒரே சமயத்தில் மினுக்கினால், அதுவும் காற்று வீசும்போது மட்டும் என்றால், கோளாறு வீட்டுக்குள் இல்லை. கம்பத்தில் சர்வீஸ் வயர் சேருமிடம், இல்லையென்றால் சுவரில் அது இறங்கும் இடம். திண்ணையில் நின்று வயரைப் பாருங்கள். ஆடும்போது கம்பத்தில் பொறி தெரிந்தால் சந்தேகமே இல்லை. ஏணி போடாதீர்கள், லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

ஓர் அறை மட்டும் மினுக்கினால் காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த அறைச் சுவிட்ச் போர்டில் ஸ்குரூ தளர்ந்திருக்கும். ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் கணத்தில் மட்டும் ஒரு முறை கண் சிமிட்டினால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சிமிட்டல் வரவர அதிகமானால் மட்டும் ஜாயின்ட்டைத் தேடுங்கள்.

ஃபியூஸ் போட்டா உடனே போயிருது

முதலில் எப்போது போகிறது என்று பாருங்கள். போட்ட கணமே "பட்"டென்று போனால் ஷார்ட். பத்துப் பதினைந்து நிமிஷம் தாங்கிவிட்டுப் போனால் சுமை அதிகம். மோட்டார் ஓடத் தொடங்கும்போது மட்டும் எம்சிபி (ஃபியூஸுக்குப் பதில், கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழுந்தால், பி வகை எம்சிபி இருக்கும் இடத்தில் சி வகை தேவைப்படலாம். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை சி வகை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

ஷார்ட்டைத் தேட மாமன் ஒரு பழைய உபாயம் வைத்திருக்கிறார். மில்லில் கற்றது. ஒரு 100 வாட் குண்டு பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு வயர். எல்ஈடி இதற்கு உதவாது, பழைய இழை பல்புதான் வேண்டும். ஒன்றிரண்டைப் பத்திரப்படுத்தி வையுங்கள், இப்போது கடையில் தேட வேண்டியிருக்கிறது. மெயினை நிறுத்தி, ஃபியூஸ் கட்டையை எடுத்துவிட்டு, அது உட்காரும் இரண்டு முனைகளுக்கும் நடுவில் இந்தப் பல்பை மாட்ட வேண்டும். அந்தப் பக்கத்துச் சுவிட்சுகளையெல்லாம் நிறுத்தி, பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு மெயினைப் போடுங்கள்.

பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் வயரிலேயே ஷார்ட். எரியாவிட்டால் வயர் சரி. இனி ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். எந்தச் சுவிட்சுக்குப் பல்பு பளீரென்கிறதோ அந்தப் பாயின்ட்டில்தான் கோளாறு. எத்தனை முறை செய்தாலும் ஃபியூஸ் கம்பி வீணாகாது, பொறி பறக்காது. ஆனால் பல்பு மாட்டிய முனைகளில் உயிர் இருக்கும், பிள்ளைகளை அண்ட விடக்கூடாது.

எங்கள் வீட்டில் பொடக்காளி லைட் சுவிட்சைப் போட்டதும் பல்பு பளிச்சென்றது. வயர் அட்டாலி வழியாகப் போகிறது. மேலே ஏறிப் பார்த்தால் நிலக்கடலை மூட்டை வைத்திருந்த மூலையில் எலி இரண்டு வயரையும் ஒரே இடத்தில் உரித்து வைத்திருந்தது. "கல்லக்கா மூட்டைய அங்க வெக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்" என்றார் அம்மாயி. யாரிடம் சொன்னார் என்று கேட்கவில்லை.

சுமை அதிகம் என்றால் கணக்குப் பார்க்க வேண்டும், ஃபியூஸ் கம்பியைத் தடிமனாக்கக் கூடாது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். இன்டக்‌ஷன் அடுப்பும் முழு வேகத்தில் அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் 17-ஐத் தாண்டும். பழைய வீட்டில் இதைத் தாங்க வேண்டிய வயர் என்ன? பெரும்பாலும் 1/18. அதாவது 18-ஆம் நம்பர் கம்பி ஒன்று, 1.2 ஸ்கொயர் எம்எம்கூட முழுசாக இராது. கொஞ்சம் தாராளமாகச் செலவு செய்த வீடு என்றால் 3/20, அது ஏறக்குறைய 2 ஸ்கொயர். ஃபியூஸ் என்பது வயரைக் காப்பதற்கு. அதில் தடிமனான கம்பியைச் சுற்றிவிட்டால் வயர்தான் ஃபியூஸ் ஆகும், அதுவும் ரீப்பர் கட்டைக்கும் ஓட்டுக்கும் நடுவில்.

நாங்கள் லைட்டுக்கும் ஃபேனுக்கும் 1.5 ஸ்கொயர், 16 ஆம்பியர் பாயின்ட்டுகளுக்கு 2.5, கீசருக்குத் தனியாக 4 ஸ்கொயர் இழுத்தோம். சமையல்கட்டுக்கு மட்டும் தனித்தனியாக இரண்டு சர்க்யூட். அது அதிகம் என்று மச்சான் சொன்னான். பொங்கலுக்கு நாற்பது பேர் வருகிற வீடு, அதிகம் இல்லை.

கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்குது

வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் கோயமுத்தூர். எங்கள் பக்கம் கிரைண்டர் இல்லாத வீடும் இல்லை, அதைத் தொட்டு ஒரு முறையாவது சுர்ரென்று உணராத பெண்களும் இல்லை. ஈரக் கை, ஈரத் தரை, இரும்பு உடம்பு. "செருப்புப் போட்டுக்கிட்டு மாவு அள்ளுங்க" என்று வைத்தியம் சொல்லிவிடுவார்கள். அது வைத்தியம் இல்லை, நோயை மறைப்பது.

முதலில் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் ஓட்டையில் செருகியிருக்கிறார்களா? எங்கள் வீட்டில் உடைத்திருந்தார்கள். பின் சரியாக இருந்தால் மெஷினைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் இடத்தில் வைத்து, எர்த் பின்னுக்கும் கிரைண்டர் உடம்புக்கும் நடுவே பாருங்கள். சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே பச்சை வயர் கழன்றிருக்கிறது.

மெஷினும் சரி என்றால் பாயின்ட்டைப் பாருங்கள். எர்த் ஓட்டையில் வயரே இல்லாமல் இருக்கலாம், பழைய வீடுகளில் இது சகஜம். இன்னும் மோசமானது ஒன்று உண்டு. யாரோ "எர்த் கொடுத்தாச்சு" என்று போர்டுக்குள்ளேயே எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்திருப்பார்கள். மல்டிமீட்டரில் 230 காட்டும், டெஸ்டருக்கும் ஒன்றும் தெரியாது, எல்லாம் நன்றாக இருப்பது போல இருக்கும். நியூட்ரல் அறுகிற நாளில் கிரைண்டர் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். ஃபேஸ்-எர்த் அளவு, ஃபேஸ்-நியூட்ரல் அளவோடு இம்மியும் பிசகாமல் ஒத்துப்போய், நியூட்ரல்-எர்த் நடுவே அட்சர சுத்தமாகப் பூஜ்யம் காட்டினால் சந்தேகப்படுங்கள். மெயினை நிறுத்திவிட்டு போர்டைப் பிரித்தே பார்க்க வேண்டும்.

எங்கள் சமையல்கட்டில் அப்படி ஒரு துண்டு வயர் இருந்தது. யார் வைத்தது என்று கேட்டதும் மாமன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாந்தான் மாப்ளே. மில்லுல சேர்றதுக்கு முந்தி. அப்ப எனக்கு என்ன தெரியும்" என்றார். அதை அவரே கையால் கழற்றினார்.

கடைசியாக எர்த் குழி. எங்கள் மண் சுக்காங்கல் கலந்த காய்ந்த மண், கோடையில் ஈரம் துளியும் இராது. இரண்டரை மீட்டர் ஜிஐ பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றப் புனல் வைத்தோம். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அம்மாயி. பொடக்காளியில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடி வாழை மரத்துக்குப் போகிற வாய்க்கால் ஓரம். வருஷம் முழுக்க அங்கே ஈரம் காயாது. எர்த் டெஸ்டர் வைத்து இதைவிட நல்ல இடத்தை நாங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆர்சிசிபி மாட்டின நாள்ல இருந்து விழுந்துட்டே இருக்கு

ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச். இந்தப் புகார் வந்தால் பெரும்பாலானவர்கள் செய்வது அதைக் கழற்றுவது. அது பாவம். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. வீட்டுக்குப் போடும் 30 மில்லிஆம்பியர் வகை, அந்த அளவு கரண்ட் வேறு வழியில் நழுவினாலே விழுந்துவிடும். விழுகிறது என்றால் உண்மையிலேயே எங்கேயோ நழுவுகிறது.

எல்லா எம்சிபியையும் கீழே இறக்கிவிட்டு ஆர்சிசிபியைத் தூக்குங்கள். நின்றால், எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டே வாருங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்தப் பக்கம். அங்கே செருகி இருப்பதையெல்லாம் பிடுங்கி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கீசர் காயில், பழைய இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் இறங்கிய மோட்டார் இவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

எம்சிபி எல்லாம் இறங்கி இருக்கும்போதும் விழுகிறதா? அல்லது எந்த எம்சிபியைத் தூக்கினாலும் எப்போதாவது விழுகிறதா? அப்படியானால் ஏதோ ஓரிடத்தில் நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. ஒற்றைத் துருவ எம்சிபி ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் எப்போதும் இணைந்தே இருக்கும். நியூட்ரல் பாரிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாக விடுவித்துத்தான் தேட வேண்டும். அதற்கு மெயின் நிற்க வேண்டும், பொறுமையும் வேண்டும்.

எங்களைப் படுத்தியது மூன்றாவது வகை. வேலையை இரண்டு தவணையாகச் செய்தோம். முன்கட்டு புது வயரிங்குக்கும் ஆர்சிசிபிக்கும் மாறிவிட்டது, பின்கட்டு இன்னும் பழைய மெயினில் ஓடியது. பகலெல்லாம் நிற்கும் ஆர்சிசிபி, ராத்திரி ஏழு மணிக்கு மேல் விழும். மெக்கரை, அதாவது இன்சுலேஷன் அளக்கும் மீட்டரை, வைத்துப் பார்த்தோம். எல்ஈடியையும் எலக்ட்ரானிக் சாமான்களையும் கழற்றிவிட்டு 500 வோல்ட்டில் சோதித்தால் இன்சுலேஷன் குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும். எங்களுக்கு அதைவிட எத்தனையோ மடங்கு காட்டியது. வயர் புதுசு, குறை சொல்ல இடமில்லை. மாமனும் நானும் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

"ஏஞ்சாமி, அந்த அட்டாலிப் படி லைட்டு ரெண்டு பக்கமும் எரியும்ல?" என்றார் அம்மாயி. "அப்புச்சி முன்னால ஒரு சுவிட்சும், பின்னால ஒரு சுவிட்சும் கேட்டுப் போட வெச்சாரு. வயரு பத்தலன்னு பின்கட்டுல இருந்து ஒண்ணு இழுத்தாங்க."

அதுதான். டூவே சுவிட்ச் போட்ட படி லைட்டுக்கு ஃபேஸ் முன்கட்டிலிருந்து போகிறது, நியூட்ரல் பின்கட்டுக்குத் திரும்புகிறது. முன்கட்டு ஆர்சிசிபியின் கணக்கில் கரண்ட் போனது, வரவில்லை. 9 வாட் எல்ஈடி என்றாலே கிட்டத்தட்ட 40 மில்லிஆம்பியர், 30-ஐத் தாண்டிவிடும், அதற்கே விழுந்திருக்கும். அங்கே இருந்ததோ இன்னும் பழைய 60 வாட் குண்டு பல்பு, 260 மில்லிஆம்பியர். இருட்டியதும் யாராவது படி ஏறுவார்கள், விழும். கடன் வாங்கிய நியூட்ரலை வெட்டி, முன்கட்டிலிருந்து புது நியூட்ரல் இழுத்ததும் நின்றுவிட்டது. பாதிப் பாதியாக வயரிங் மாற்றுகிறவர்கள் டூவே லைட்டை முதலில் பாருங்கள்.

இன்னொன்று. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது நல்லது. ஆனால் அது விழுந்ததாலேயே எர்த் சரி என்று நினைத்துவிடக் கூடாது. எர்த் இல்லாத வீட்டிலும் அந்தப் பட்டனுக்கு அது விழும்.

போர்டு சுடுது, கருவாட்டு வாசம் வருது

புரட்டாசி சனிக்கிழமை. வீட்டில் விரதம். "யாரு கருவாடு சுடறது?" என்று சித்தி சத்தம் போட்டார். யாரும் சுடவில்லை, ஃபிரிட்ஜ் பாயின்ட் சுட்டுக்கொண்டிருந்தது. சுவிட்சு, சாக்கெட்டு செய்கிற பிளாஸ்டிக் அதிகமாகச் சூடேறினால் மீன் வாசம் போல ஒன்று வரும். அந்த வாசம் வந்தால் தேடிக்கொண்டிருக்காமல் மெயினை நிறுத்துங்கள், பிறகு புறங்கையை ஒவ்வொரு போர்டின் மேலும் வைத்துப் பாருங்கள்.

தளர்ந்த ஜாயின்ட்டில் அரை ஓம் தடை இருந்தால் போதும். 8.7 ஆம்பியர் போகும்போது அந்த முடிச்சில் மட்டும் 38 வாட் சூடு பிறக்கும். பற்றவைக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். மர ரீப்பருக்கு மேல் அதை மணிக்கணக்கில் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

1960, 70-களில் வயரிங் செய்த வீடு என்றால் வயரை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் அலுமினியம். அதன் மேல் ஆக்சைடு படலம் படியும், அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக் கொடுக்கும், அதனால் ஸ்குரூ தானாகத் தளரும். அதோடு செம்பு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் ஈரம் பட்டதும் அரிக்கத் தொடங்கும். எங்கள் ஃபிரிட்ஜ் பாயின்ட்டில் இருந்தது அதுதான், கறுப்புத் துணி டேப்புக்குள் வெள்ளைப் பொடி. அலுமினியத்தைச் சரி செய்ய முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். புது வயரிங்கில் பைப்புக்குள் ஜாயின்ட்டே கூடாது. ஜங்ஷன் பாக்ஸில் மட்டும், கனெக்டர் போட்டு, திறந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். சுவிட்ச் ஸ்குரூக்களை ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு திருகு.

நிறுத்தியும் எல்ஈடி லேசா எரியுது

பேயில்லை. சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கிறது. மாற்றிப் போடுங்கள், பல்பு மாற்றும்போது அடி வாங்காமல் தப்பலாம். சுவிட்ச் சரியான இடத்தில் இருந்தும் எரிந்தால் நீளமான வயர் பக்கத்து வயரிலிருந்து கொஞ்சம் வாங்குகிறது, வேறு பல்பு போட்டால் சரியாகலாம். ஆபத்தில்லை.

மழை பேஞ்சா மட்டும்

மண் சுவருக்குள் பைப் புதைக்கும்போது ஓட்டு விளிம்பு எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துவிட்டுக் காடி வெட்டுங்கள். மழை நாளில் மட்டும் ஆர்சிசிபி விழுந்தாலோ சுவரைத் தொட்டால் சுர்ரென்றாலோ, ஈரம் காய்வதற்குள் மெக்கரை வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். காய்ந்த பிறகு எல்லாமே யோக்கியமாக நிற்கும். எங்களுக்குத் தொட்டிக்கு வடபுறத் தாழ்வாரத்தில் ஒரு பழைய துண்டு இருந்தது, ஐப்பசி மழையில் ராத்திரியே பிடித்தோம். அதன் பிறகு தாழ்வாரம் முழுக்கச் சுவரைத் தொடாமல் பிவிசி பைப்பை விட்டத்தோடு கட்டிவிட்டோம். அழகு கொஞ்சம் குறைவுதான்.

எந்த எம்சிபி எதுக்குன்னு தெரியல

இதுவும் ஒரு கோளாறுதான், பாதி ராத்திரியில் தெரியும். தங்கச்சி மகள் டிபி (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினாள். முதலில் 'வடமேற்கு அறை லைட்டிங்' என்றெல்லாம் எழுதியிருந்தாள். வீட்டில் ஒருவருக்கும் புரியவில்லை. அம்மாயி சொல்லச் சொல்லத் திருத்தி எழுதினாள்: ஆசாரம், நெல்லு ரூம், கிரைண்டர், மாட்டு லைட்டு, அப்புச்சி ரேடியோ பாயின்ட். ரேடியோ போய் எத்தனையோ வருஷம், அங்கே இப்போது மொபைல் சார்ஜர். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் இடம் தெரியும்.

பத்தாவது எம்சிபிக்கு நேராக ஒன்றும் எழுதவில்லை. காலி என்று நினைத்தேன். "அது என்ற ரூமு ஏசிக்குங்கண்ணு" என்றார் அம்மாயி. மாமன் யாரையும் கேட்காமல் அந்த அறைக்கு 4 ஸ்கொயர் வயரை இழுத்து, முனையில் டேப் சுற்றி விட்டிருக்கிறார்.